எண்ணத் தெரிந்தவர்கள்

ஒவ்வொரு வருடமும் தைப்பூசம் முடிந்த மறுநாள், தண்ணீர்மலைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓர் எண் செய்தியில் வரும். லட்சங்களில் இருக்கும். கூட்டத்தில் நெரிபட்டுத் திரும்பியவர்களுக்கு அது குறைவாகத் தோன்றும். வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தோன்றும். யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தத் தீவில் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தரவுகளைக் கையாளும் அடிப்படைப் பாடம் ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். முதல் வகுப்பில் கணினியைத் திறக்கச் சொல்வதில்லை. "தண்ணீர்மலைக் கூட்டத்தை எப்படி எண்ணுவீங்க?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். பிறகு ஒருவர், "டுரோன் விட்டு போட்டோ எடுக்கலாம் சார்" என்பார். இன்னொருவர், "சிசிடிவி இருக்குல்ல" என்பார். போட்டோவில் தலைகளை யார் எண்ணுவது என்று கேட்டால், "ஏஐ எண்ணும்லா" என்று பதில் வரும்.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். அவருடைய ஜன்னலுக்குக் கீழே இருந்த சதுக்கத்தில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கூடுவார்கள். தரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்து, கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினார். தளர்வான கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை சதுர அடி என்பது அவர் கணக்கு. இன்றுவரை அதுதான் அடிப்படை.

அதை நாங்கள் ஜாலான் கெபுன் பூஙாவுக்குக் கொண்டு வருவோம். ஒரு பேச்சுக்கு, சாலை ஒரு கிலோமீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர். அப்படியென்றால் ஒரு நேரத்தில் 30,000 பேர். ஆனால் வந்தவர்கள் போகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள். விழா முப்பது மணி நேரம் நடக்கிறது, ஒருவர் மூன்று மணி நேரம் இருக்கிறார் என்றால் கூட்டம் பத்து முறை மாறும். மொத்தம் 3 லட்சம். ஒருவர் ஆறு மணி நேரம் இருக்கிறார் என்று வைத்தால் ஐந்து முறைதான் மாறும். 1,50,000. சாலையும் நெரிசலும் அப்படியேதான் இருக்கின்றன. ஓர் ஊகத்தை மாற்றியதும் ஒன்றரை லட்சம் பேர் காணாமல் போய்விடுகிறார்கள்.

இதற்குப் பிறகு வகுப்பு சூடு பிடிக்கும். தண்ணீர்ப்பந்தலில் இரண்டு நாள் நின்று சோறு போடுகிறவர் எத்தனை ஆள்? ரதத்துக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அரை மணி நேரத்தில் வேலைக்குப் போகும் சீனர் பக்தரா, பார்வையாளரா? காவடிக்குக் கூட வந்து பாடுகிறவர்? பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்ட, 513 படிகளையும் ஏற முடியாத பாட்டி? எண்ணுவதற்கு முன்னால் யாரை எண்ணுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவு கணக்குக்குள் இல்லை. அதை யாரோ ஒருவர் எடுத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறார்.

தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுவது, நினைப்பது இரண்டும்தான். மொழி எப்போதோ ஒன்றாக வைத்த இரண்டையும் பாடத்திட்டம் பிரித்து வைத்திருக்கிறது. தரவுத் திறன் என்ற பெயரில் முதலாவதை மட்டும் கற்பிக்கிறோம். இரண்டாவதை மெய்யியல் துறை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். எனக்குள்ள கேள்வி இதுதான்: எண்ணத் தெரிந்தவருக்கு எண்ணப்படுகிறவரிடம் ஏதாவது கடன் இருக்கிறதா? இருந்தால், அதை ஒரு திறன் வகுப்பில் சொல்லித்தர முடியுமா, சொல்லித்தர வேண்டுமா?

*

முதலில் என் மாணவர்களைப் பற்றி. இவர்களை 'டிஜிட்டல் நேட்டிவ்' என்று சொல்வது வழக்கம். மார்க் பிரென்ஸ்கி 2001இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல் அது. இலக்கவியல் உலகத்திலேயே பிறந்தவர்கள், அதன் மொழி இவர்களுக்குத் தாய்மொழி என்பது அதன் பொருள். வகுப்பறையில் நான் பார்ப்பது வேறு. திறன்பேசியில் பத்து நிமிடத்தில் ஒரு காணொளியை வெட்டி ஒட்டி இசை சேர்த்து ஏற்றிவிடுகிறவருக்கு, கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று தெரியாது. "டவுன்லோட்ல இருக்கும் சார்" என்பதற்கு மேல் போகாது. எக்செல் அட்டவணையில் ரிங்கிட் குறியையும் எண்ணையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டு, ஏன் கூட்டல் வரவில்லை என்று விழிப்பார்கள். அது அவர்கள் குறை கிடையாது. செயலிகள் கோப்புகளை மறைத்து வைக்கப் பழகிவிட்டன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதையே வசதி என்று நமக்கு விற்றிருக்கிறார்கள்.

'இலக்கவியல் எழுத்தறிவு' என்ற தொடரை 1997இல் ஒரு நூலுக்குத் தலைப்பாக வைத்துப் பரவலாக்கியவர் பால் கில்ஸ்டர். விசைகளை அழுத்தத் தெரிவதை அவர் எழுத்தறிவு என்று சொல்லவில்லை. கிடைக்கும் தகவலை எடைபோடத் தெரிவதைத்தான் சொன்னார். ஆனால் பாடத்திட்டமாக மாறும்போது எல்லா இடத்திலும் விசைகள்தான் மிஞ்சுகின்றன, தேர்வில் மதிப்பெண் போட அதுதான் வசதி.

சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். "இந்தப் பிள்ளைங்களுக்கு வேலை வேணும். பாயான் லெப்பாஸ்ல நேர்முகத் தேர்வுல பிவட் டேபிள் போடத் தெரியுமான்னுதான் கேப்பான். நீங்க தத்துவம் பேசிக்கிட்டு இருந்தா எப்படி?"

இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பாயான் லெப்பாஸில் வரியற்ற தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. இன்டெல் அதே வருடம் வந்தது. தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் வந்த பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளுக்கு மெல்லிய கம்பி இணைத்தார்கள். என் மாணவர்களில் சிலர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். பாட்டி சில்லைச் செய்தார், பேத்தி அந்தச் சில்லு ஓடும் கணினியின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்ய விரும்புகிறாள். அந்த ஆசையின் முன்னால் நின்றுகொண்டு 'திறன் முக்கியமில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திறன்தான் முதல் சோறு.

ஆனால் என் சக ஆசிரியரின் வாதத்தில் ஒரு மறைவான நம்பிக்கை இருக்கிறது. திறன் ஒரு பாத்திரம், அறம் அதில் பிறகு ஊற்றும் பால் என்ற நம்பிக்கை. இதைத்தான் நான் ஏற்கவில்லை. காரணத்தை வகுப்பில் செய்யும் மூன்று பயிற்சிகள் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

முதல் பயிற்சி சராசரி. 2022இல் மலேசியக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட் என்கிறது புள்ளிவிவரத் துறை. நடுமதிப்பு, அதாவது எல்லாக் குடும்பங்களையும் வரிசையில் நிற்க வைத்தால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், 6,338 ரிங்கிட். இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வேறுபாடு. மேலே இருப்பவர்கள் சராசரியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். எக்செலில் ஒன்றுக்கு 'ஏவரேஜ்', இன்னொன்றுக்கு 'மீடியன்'. எழுத்துகளை மட்டும் மாற்றினால் போதும்.

"எங்க வீட்டுல அப்பா, அம்மா, அண்ணன் மூணு பேரு வேலை செஞ்சும் ஆறாயிரம் வராது சார்" என்றார் ஒரு மாணவி. இது வகுப்பில் அடிக்கடி நடக்கும். எண்ணைப் பார்த்ததும் தன் வீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அது அட்டவணையை வாசிக்கும் முறைகளில் ஆக மூத்தது, ஆகச் சரியானது.

அடுத்து வறுமைக்கோடு. 2016இல் நாட்டில் முழு வறுமை 0.4 விழுக்காடு என்று அரசுக் கணக்கு சொன்னது. குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்பது கோடு. 2019 ஆகஸ்டில் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்தார். இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்றார். அரசு முதலில் மறுத்தது. 2020 ஜூலையில் கணக்கிடும் முறையையே மாற்றிக் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. புதிய முறையில் அதே 2016ஆம் ஆண்டின் வறுமை 7.6 விழுக்காடு.

மாணவர்களிடம் நான் கேட்பது: 0.4க்கும் 7.6க்கும் இடையில் இருந்த குடும்பங்கள் 2016இல் என்ன சாப்பிட்டன? சூத்திரம் மாறியபோது அவர்கள் வீட்டில் அரிசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அதுவரை அவர்கள் ஏழைகள் இல்லை. உதவி கேட்டுப் போய் நின்றால், 'நீங்கள் கோட்டுக்கு மேலே' என்று திருப்பி அனுப்பப்படக்கூடியவர்கள். கோட்டை முதலில் வைத்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை எழுதினார். பிறகு வந்தவர்கள் அந்த எண்ணைக் கேள்வி கேட்காமல் விலைவாசிக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வந்தார்கள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. இங்கே திறனில் குறைவில்லை. குறைந்தது வேறு ஒன்று. அதைப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்ததால்தான் அது கடைசிவரை ஊற்றப்படவே இல்லை.

*

இரண்டாவது பயிற்சி, அட்டவணையின் தலைப்புகள். ஒரு கருத்தாய்வுப் படிவம் தயாரிக்கச் சொன்னால் மாணவர்கள் கை தானாகவே 'இனம்' என்று எழுதி, மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு வட்டங்கள் போட்டுவிடும். ஏன் நான்கு என்று கேட்டால், "எல்லா பாரத்துலயும் அப்படித்தானே சார் இருக்கு" என்பார்கள்.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1891இல் எடுத்த கணக்கெடுப்பில் ஆறு பெருந்தலைப்புகள். ஐரோப்பியர் அமெரிக்கர், யுரேசியர், சீனர், மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற சுதேசிகளும், தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும், மற்றவர்கள். தமிழர் அன்று தலைப்பில் இருந்தார்கள். பிறகு இந்தியர் என்ற தலைப்புக்குள் ஓர் உட்பிரிவானார்கள். தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த வழியினரான 'ஜாவி பெக்கான்' மக்கள் அந்தக் கணக்கில் மலாய்க்காரர் தலைப்பின் கீழே தனிப்பெயரோடு இருந்தார்கள். இன்றைய படிவத்தில் அந்தப் பெயருக்கு வட்டம் இல்லை. இந்த வகைப்பாடுகள் எப்படி மாறி வந்தன என்று சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹெர்ஷ்மன் 1987இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவர் சொன்னார்: "எங்க அத்தா ஐசில ஒரு இனம், எங்க பெரியத்தா ஐசில வேற இனம் சார். ரெண்டு பேரும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க." பினாங்கில் இது யாருக்கும் வியப்பான செய்தி இல்லை. ஆனால் அந்த மாணவர் அதுவரை அதைக் குடும்ப விசித்திரம் என்றுதான் நினைத்திருந்தார். ஒரு தலைப்பின் வரலாறு தெரிந்ததும் அது அவருக்கு வேறொன்றாகத் தெரிந்தது.

தமிழர்கள் மலாயாவில் முதன்முதலில் தரவாக ஆனது தோட்டத்து செக்ரோலில்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விடியுமுன் பெரட்டுக்களம். பேரைக் கூப்பிட்டதும் கிராணியின் பேனா ஒரு கோடு போடும். அந்தக் கோடுதான் அன்றைய கூலி. கோடு விழவில்லையென்றால் அன்று உழைத்ததாக நிரூபிக்க வேறு சாட்சி இல்லை. எழுதத் தெரிந்தவர் கையில் எழுதத் தெரியாதவரின் அரிசி இருந்தது. அந்தக் கிராணியார் சில தோட்டத்தில் நல்லவராகவும் சில தோட்டத்தில் கெட்டவராகவும் இருந்திருப்பார். எப்படி இருந்தாலும் அவர் செய்த வேலையின் பெயர் தரவுப் பதிவு. இன்று நான் உருவாக்கிக்கொண்டிருப்பது கிராணிகளை. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நல்ல ஆங்கிலம் பேசும், மடிக்கணினி வைத்திருக்கும் கிராணிகள். நாளை ஒரு வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ அமைச்சிலோ உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய வரிசையில் ஒரு கோடு போடுவார்கள் அல்லது போடாமல் விடுவார்கள்.

*

மூன்றாவது பயிற்சி, விடுபட்டவை. எக்செலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அதை வண்ணம் போட்டுக் காட்டலாம், எண்ணலாம், ஏன் காலி என்று போய்க் கேட்கலாம். ஆனால் ஒரு வரிசையே இல்லையென்றால்? இல்லாத வரிசைக்கு வண்ணம் போட முடியாது. அட்டவணை முழுமையாகவே தெரியும்.

2024 ஜனவரி 2ஆம் தேதி அரசு 'பாடு' என்ற மையத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. உதவித்தொகை சரியான ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மார்ச் 31க்குள் தங்கள் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே, ஐசி எண் தெரிந்தால் இன்னொருவர் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட முடிகிறது என்று பொதுவெளியில் சுட்டிக்காட்டப்பட்டது. சரிசெய்துவிட்டோம் என்று அரசு தரப்பு சொன்னது.

நம் ஐசி எண் ரகசியமே இல்லை என்பதை மாணவர்களுக்கு அப்போது காட்டுவேன். பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். உங்கள் பிறந்தநாள் வாழ்த்துப் பதிவைப் பார்த்த ஒருவருக்குப் பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது. அதோடு, 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்ததே, நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம் என்றும் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். இதுவரை நான் சொன்னதெல்லாம் வழக்கமான இலக்கவியல் பாதுகாப்புப் பாடம்தான்.

ஆனால் பாடுவில் என்னை உறுத்தியது கடவுச்சொல் கிடையாது. ஐசி எண்ணைச் சாவியாக வைத்த எந்த அட்டவணையிலும் ஐசி இல்லாதவருக்கு வரிசையே கிடையாது. நம் சமூகத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. பிள்ளை தோட்டத்து வீட்டிலேயே பிறந்தது, பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அல்லது பிறப்புச் சான்றிதழில் 'புக்கான் வார்கானெகாரா', குடிமகன் அல்ல, என்று விழுந்துவிட்டது. 2011இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களுக்கான பதிவு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. இவர்கள் எத்தனை பேர் என்பதற்கு, ஆட்சியில் இருப்பவர்கள் ஒன்று சொல்வார்கள், எதிரணியில் இருப்பவர்கள் அதைப் பல மடங்கு பெருக்கிச் சொல்வார்கள். எண்ணப்படாதவர்களின் எண்ணிக்கை எப்படித் துல்லியமாகக் கிடைக்கும்? ஆக ஏழையானவர்களைக் கண்டுபிடிக்கச் செய்த பட்டியலில், ஆக ஏழையான சிலர் அமைப்பிலேயே விடுபட்டிருக்கிறார்கள். பட்டியலில் அதற்கான தடயம்கூட இருக்காது.

*

இவ்வளவையும் கேட்ட மாணவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். ஒரு பக்கம், "அப்போ எல்லா நம்பரும் பொய்தானே சார்" என்று சோம்பலாகச் சாய்ந்துகொள்ளும். இதுதான் நான் ஆக அதிகம் பயப்படும் விளைவு. எல்லாம் பொய் என்பவருக்கு எதையும் சரிபார்க்கும் வேலை மிச்சம். அவருக்குத் தனக்குப் பிடித்த வாட்ஸ்அப் செய்தியும் புள்ளிவிவரத் துறையும் ஒன்றுதான். ஆல்ஸ்டன் எண்களைப் பொய் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எந்த ஊகம் எண்ணைக் கீழே இழுத்தது என்று காட்டினார். அதனால்தான் எண் மாறியது. ஊகத்தைத் திறந்து வைத்த தப்பான எண், மூடி வைத்த சரியான எண்ணைவிட மேல். முதலாவதைத் திருத்தலாம்.

இன்னொரு பக்கம்தான் எனக்கு உண்மையிலேயே கடினமான கேள்வியைக் கொண்டு வந்தது. ஒரு மாணவி தான் குடியிருக்கும் அடுக்குமாடியில், ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து உணவுக்கூடை கொடுக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். வகுப்பில் கற்றதைக் கொண்டு கூகல் படிவம் ஒன்று செய்திருந்தாள். பெயர், ஐசி எண், வீட்டு எண், வருமானம், நோய் ஏதும் உண்டா, கணவன் கூட இருக்கிறாரா. நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். அமைப்பில் யாரோ ஒருவர் வசதிக்காக அந்த அட்டவணையின் இணைப்பை, சுட்டி இருந்தால் யாரும் பார்க்கலாம் என்ற நிலையில், குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டார். எந்த வீட்டில் வருமானமே இல்லை, எந்த வீட்டில் கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், யாருக்கு என்ன நோய் என்று ஒரு மாலைப்பொழுதில் அந்தக் கட்டடம் முழுக்கப் படித்துவிட்டது. இரண்டு பெண்கள் அடுத்த மாதம் கூடை வாங்க வரவில்லை.

அவள் என்னிடம் வந்து அழவில்லை. கோபமாக வந்தாள். "லிஸ்ட் இல்லாம குடுத்தா சண்டை போடுறாங்க, ஒரே ஆளு மூணு தடவ வாங்கிட்டுப் போறாங்க. லிஸ்ட் எடுத்தா இப்படி ஆகுது. அப்போ எப்படித்தான் சார் உதவி செய்யறது?"

தொழில்நுட்பப் பதில் எளிது. அணுகல் உரிமையைக் கட்டுப்படுத்து. ஐசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். நோய் எதற்கு, கூடையில் சர்க்கரை வைக்கலாமா கூடாதா என்று கேட்டால் போதாதா? கணவனைப் பற்றிய கேள்வியை எடு, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேள். இதையெல்லாம் சொன்னேன், உட்கார்ந்து இருவருமாகப் படிவத்தை மாற்றினோம். இவை பயனுள்ளவை. சட்டம் இங்கே பெரிய துணை இல்லை. 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்துவதே இல்லை.

ஆனால் அவள் கேட்டது அதைவிடப் பெரிது. எண்ணாமல் விட்டால் விடுபடுகிறார்கள், எண்ணினால் அம்பலமாகிறார்கள். நான் பாடு பற்றிச் சொன்ன குறையும் அவள் கதையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஐசி இல்லாதவர் பட்டியலில் இல்லையே என்று நான் வருந்துகிறேன், பட்டியலில் இருந்ததாலேயே இரண்டு பெண்கள் கூடையை இழந்தார்கள். நடுவழி என்று ஒன்றை எளிதாகச் சொல்லிவிட முடியும். அடுக்குமாடியின் பதினொன்றாவது மாடியில், கதவைத் தட்டும் நேரத்தில், அந்த நடுவழி எங்கே இருக்கிறது என்று அவள்தான் ஒவ்வொரு முறையும் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைத்தான் திறன் என்று சொல்ல வருகிறேன். எந்தத் தலைப்பை அட்டவணையில் வைப்பது, எதை விடுவது என்ற முடிவு தொழில்நுட்ப முடிவும்தான், அறமுடிவும்தான். இரண்டும் ஒரே விரல் அசைவில் நடக்கின்றன. ஒன்றை முதலில் கற்றுக்கொண்டு மற்றதை வளர்ந்த பிறகு சேர்த்துக்கொள்ள முடியாது. நீரிழிவு உள்ள ஒருவருக்குச் சோறு போடுகிறவர் முதலில் சமையல் கற்று, பிறகு இரக்கம் கற்று வருவதில்லை. இலையில் எவ்வளவு வைப்பது என்பதிலேயே இரண்டும் இருக்கின்றன.

*

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மாணவர்கள் அட்டவணையைச் சாட்ஜிபிடியில் போட்டு, "இதுல என்ன இருக்கு சொல்லு" என்று கேட்கிறார்கள். அது அழகான நடையில் நான்கு பத்தி எழுதித் தருகிறது. என் சக ஆசிரியர் கவலைப்பட்ட பிவட் டேபிளை இனிமேல் அது போட்டுவிடும். அப்படியென்றால் நம்மிடம் மிஞ்சுவது எது? காலிக் கட்டத்தை அது கவனிக்கலாம். அடுக்குமாடியில் எந்த வீட்டுக் கதவு தட்டப்படவில்லை என்று அதற்குத் தெரிய வழியில்லை. அந்த மாடிப்படியை ஏறி இறங்கிய ஒருவருக்குத்தான் தெரியும். கூட்டலையும் வரைபடத்தையும் இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு, மனிதருக்கு மிஞ்சும் தரவுத்திறன் பெரும்பாலும் இந்தப் பகுதிதான். வேலைச் சந்தையின் கணக்கில் பார்த்தாலும் இதை வகுப்புக்கு வெளியே விடுவது நட்டம் என்று சக ஆசிரியரிடம் சொன்னேன். "யோசிக்கலாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னாலே பெரிது.

அறத்தைக் கற்பிக்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. அதைச் சொன்ன உடனே வகுப்பு தூங்கிவிடும், எனக்கும் அதற்கான தகுதி இல்லை. எந்த அட்டவணையைத் திறந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் சூத்திரத்தைத் தொட வேண்டும் என்பது மட்டும் வகுப்பின் விதி. இந்தத் தலைப்புகளை யார் வைத்தார்கள்? இதில் வர முடியாதவர் யார்? இதில் இருப்பதால் யாருக்கு என்ன நடக்கலாம்? மதிப்பெண் உண்டு என்பதால் எழுதுகிறார்கள். பாதிப் பேர் ஒப்புக்கு எழுதுகிறார்கள். எழுதி எழுதிச் சிலருக்குப் பழக்கமாகிவிடுகிறது. அறம் என்று நாம் பெரிய பெயரில் சொல்வதில் கொஞ்சமாவது இப்படி வெறும் பழக்கமாகத்தான் வந்து சேருகிறது என்று நினைக்கிறேன்.

அந்த மாணவி இறுதித் திட்டத்துக்கு அதே அடுக்குமாடியின் அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டாள். பெயர்களும் ஐசி எண்களும் இல்லை. மாடி, ஆட்களின் எண்ணிக்கை, கூடை தேவையா என்று மூன்றே தலைப்புகள். நான்காவதாக ஒரு தலைப்பை அவளாகச் சேர்த்திருந்தாள்: 'சொல்ல விருப்பமில்லை'. அதில் பதினேழு வீடுகள் இருந்தன. அந்தப் பதினேழையும் வரைபடத்தில் எப்படிக் காட்டுவது என்று என்னைக் கேட்டாள். விடுபட்ட தரவு என்று நீக்கிவிடு என்பது பாடநூலில் உள்ள பதில்களில் ஒன்று. அதை அவளும் படித்திருந்தாள். நீக்கவில்லை. அந்த வீடுகளுக்கும் கூடை போக வேண்டும், ஆனால் காரணம் கேட்கக்கூடாது என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். தொண்டு அமைப்பு அதை ஏற்குமா என்று தெரியவில்லை, ஏமாற்றுகிறவர்களும் அந்தப் பதினேழில் இருக்கலாம்தான் என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருந்தாள்.